கானக்கோழியின் உடை

ஊவா மலையில் விடியுமுன் இரண்டு சேவல்கள் கூவுகின்றன. ஒன்று தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்தின் பின்புறத்துக் கூட்டிலிருந்து நீட்டி முழக்கும். மற்றது தேயிலை முடிந்து காடு தொடங்கும் விளிம்பில் நின்று கூவும். அதன் கூவல் குறுகியது, வெட்டினாற்போல் முடிவது. கூட்டுச் சேவல் கறுப்பாக இருக்கலாம், வெள்ளையாக இருக்கலாம், சாம்பலாகவோ புள்ளியாகவோ வரியாகவோ இருக்கலாம். காட்டுச் சேவலோ எந்த மலையில் எந்த ஆண்டில் பார்த்தாலும் ஒரே உடையில்தான் நிற்கும். கூட்டுக்கு மட்டும் இத்தனை நிறம் எங்கிருந்து வந்தது?

பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தைக்கு அருகே, அம்பிட்டிகந்தைத் தோட்டத்தின் ஒரு பிரிவு மீரியபெத்த. பெத்த என்னும் சிங்களச் சொல்லுக்குக் காடு என்று பொருள். தேயிலைக்கு முன் அங்கே நின்றது எது என்பதை ஊர்ப்பெயரே சொல்லிவிடுகிறது. ஊவாவின் தென்விளிம்பு அது. மலை சட்டென்று தாழ்நிலத்துக்கு இறங்குமிடம். 220 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தியலும அருவி அந்த இறக்கத்துக்கு அளவுகோலாக அருகில் நிற்கிறது. இத்தகைய காட்டோரமும் புதருமே இலங்கைக் காட்டுக்கோழி விரும்பும் இடம்.

உலகில் காட்டுக்கோழிகள் நான்கு வகை. தென்கிழக்காசியாவிலும் வட இந்தியாவிலும் வாழும் செங்காட்டுக்கோழி, தென்னிந்தியாவின் சாம்பற் காட்டுக்கோழி, சாவகத் தீவின் பச்சைக் காட்டுக்கோழி, இலங்கைக்கு மட்டுமே உரிய நம் காட்டுக்கோழி. 1831-இல் பிரெஞ்சு அறிஞர் லெசோன் இதற்கு அறிவியற் பெயர் சூட்டியபோது தம் நாட்டுப் படைத்தலைவர் லஃபாயெட்டை நினைத்துச் சூட்டினார். இன்று அது இலங்கையின் தேசியப் பறவை. சேவலின் மார்பும் முதுகும் செம்மஞ்சள், பிடரி பொன், சிறகும் வாலும் ஊதா கலந்த கருமை, சிவந்த கொண்டையின் நடுவே மஞ்சள் திட்டு. செங்காட்டுச் சேவலின் மார்பு கறுப்பு. இதன் மார்பு செம்மஞ்சள். அயலவர் இரண்டையும் பிரித்தறிய இந்த ஓர் அடையாளமே போதும். பெட்டை பழுப்பு, வயிற்றுப்புறத்தில் வெள்ளையும் கறுப்பும் கலந்த வரி. அடைகாக்கும்போது சருகோடு சருகாகிவிடும்.

பழந்தமிழர் கானக்கோழியையும் மனைக்கோழியையும் வேறு வேறாகப் பெயரிட்டு அறிந்திருந்தனர். இதே ஊவா மாகாணத்தில்தான் சேவற்கொடியோனின் கதிர்காமமும் இருக்கிறது. கொடியில் நிற்கும் சேவலைத் தீட்டுவோர் பெரும்பாலும் செம்பொன் பிடரியும் கரும்பச்சை வாலுமாகவே தீட்டுகின்றனர். அறிந்தோ அறியாமலோ, அவர்கள் தீட்டுவது காட்டின் உடையை.

தமிழில் உடை என்னும் சொல் உடுப்பதையும் குறிக்கும், உடைவதையும் குறிக்கும். அழகுக்கோழி வளர்ப்போர் போற்றும் அரிய நிறங்களை ஒவ்வொன்றாக ஆய்ந்து பார்த்தால் இந்த இரட்டைப்பொருள் மிகப் பொருத்தமாகத் தோன்றுகிறது. காட்டுக்கோழியின் உடை ஓர் ஆணைத்தொடரால் நெய்யப்படுகிறது. அத்தொடரில் எங்கோ ஓர் ஆணை உடைந்தால் புதுநிறம் பிறக்கிறது.

முதலில் சாயத்தைப் பார்ப்போம். கோழியின் இறகில் உள்ள நிறமிகள் இரண்டே. கருமையும் கரும்பழுப்பும் தருவது கருமெலனின். செம்மையும் பொன்மையும் வெளிர்மஞ்சளும் தருவது செம்மெலனின். கோழியின் காலிலும் முட்டையின் மஞ்சட்கருவிலும் தெரியும் மஞ்சள் வேறு. அது சோளத்திலிருந்தும் கீரையிலிருந்தும் வரும் கரோட்டினாய்டு. கோழியின் இறகை அது நிறமூட்டுவதில்லை. ஆகவே பச்சைக் கோழியையோ மெய்யான நீலக் கோழியையோ எவராலும் வளர்த்தெடுக்க முடியவில்லை. திருவிழாக் கடையில் பச்சையும் ஊதாவுமாய்க் கீச்சிடும் குஞ்சுகள் சாயத்தொட்டியில் பிறந்தவை. முதல் இறகு உதிரும்போது அந்நிறமும் உதிர்ந்துவிடும்.

அவ்வாறாயின் கறுப்புச் சேவலின் வாலில் பச்சை மின்னுகிறதே என்று கேட்கலாம். மழைநாளில் பாதையில் சிந்திய எண்ணெய் ஏழு நிறம் காட்டுகிறது. எண்ணெயில் அந்த நிறங்கள் எவையும் இல்லை. மெல்லிய படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கூடியும் குலைந்தும் அவற்றைக் காட்டுகிறது. வாலிறகின் நுண்கிளைகளில் கருமெலனின் நுண்கோல்கள் சீராக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அடுக்கின் தடிப்பே பச்சையைத் தெரிவு செய்கிறது. தடிப்பு சற்று மாறினால் பச்சைக்கு மாற்றாக ஊதா தோன்றும். கண்காட்சி நடுவர்கள் அதைக் குறையாகக் கொள்வர்.

இரண்டே சாயத்தை வைத்துக்கொண்டு காட்டுக்கோழி இத்தனை அழகை எப்படி நெய்கிறது? முட்டைக்குள் கரு உருப்பெறும் தொடக்க நாள்களில், முதுகெலும்பு உருவாகும் வரையின் அருகிலிருந்து நிறமியணுக்களின் முன்னோடிகள் புறப்பட்டு உடல் முழுதும் தோலுக்கடியில் பரவி, ஒவ்வோர் இறகுக்குழியிலும் குடியேறுகின்றன. இறகு முளைக்கும்போது அவை மெலனினை மணிகளாக உருட்டி, கை போன்ற நீட்சிகளின் வழியே, வளரும் இறகின் அணுக்களுக்குள் ஊட்டுகின்றன. இறகின் நுனிதான் முதலில் உருவாகும், அடிப்பகுதி கடைசியில். ஆகவே இறகின் நீளம் என்பது கடந்துபோன நாள்களின் வரிசை. நுனியில் கறுப்பும் நடுவில் செம்மையும் அடியில் சாம்பலும் கொண்ட ஓர் இறகைக் கையில் எடுத்தால், அந்த நிறமியணு எந்தெந்த நாளில் எந்தச் சாயத்தை அரைத்தது என்னும் நாட்குறிப்பை வாசிக்கலாம்.

எந்தச் சாயம் என்பதைத் தீர்மானிக்க நிறமியணுவின் மேற்பரப்பில் ஓர் ஏற்பி உண்டு. எம்சி1ஆர் என்பது அதன் ஆய்வகப் பெயர். உரிய இயக்குநீர் வந்து அதைத் தொட்டால் கருமெலனின் அரைபடும். வேறொரு புரதம் வந்து அதை மறித்தால் செம்மெலனின் அரைபடும். தொடுதலும் மறித்தலும் மாறி மாறி வருவதால்தான் பெட்டையின் ஓர் இறகிலேயே பழுப்பும் கறுப்பும் பொடிப்பொடியாய் விரவிக் கிடக்கின்றன.

இந்த ஏற்பியில்தான் முதல் உடைவு. முழுக்கறுப்புக் கோழிகளில் ஏற்பியின் 92-ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்கு மாற்றாக லைசீன் அமர்ந்திருப்பதை 1996-இல் சப்பானிய ஆய்வாளர்கள் கண்டனர். ஓர் அமினோ அமிலம் மாறியதால் ஏற்பி எவரும் தொடாமலேயே தொட்டதாக எண்ணி இயங்குகிறது. திறந்த குழாய் மூட மறுப்பதுபோல் கருமெலனின் ஓயாமல் வடிகிறது. கறுப்பைக் கூடுதல் என்று நாம் எண்ணுகிறோம். அடங்கத் தெரியாமையே அதன் அடிப்படை.

வெள்ளையின் கதை இன்னும் சுவையானது. வெள்ளை லெகார்ன் கோழியைப் பார்த்து அதற்கு நிறமே இல்லை என்று கருதுவோம். சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தார் 2004-இல் வெளியிட்ட ஆய்வு வேறுவிதமாகச் சொன்னது. நிறமி மணிகளைக் கோக்கும் நார் போன்ற ஒரு புரதத்தில் மூன்று அமினோ அமிலங்கள் கூடுதலாகச் செருகப்பட்டுள்ளன. கருமெலனின் மணி கோக்கப்படாமல் போகிறது. செம்மெலனினோ பெரிதும் தப்பிவிடுகிறது. எனவேதான் இத்தகைய வெள்ளைச் சேவல்களின் தோளில் சில வேளை செம்மை கசிகிறது. இது ஓங்கு வெள்ளை. ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே போதும். ஒடுங்கு வெள்ளை என்று மற்றொன்று உண்டு. மெலனின் அரைக்கும் முதல் நொதி டைரோசினேசு. செம்பு அணு இல்லாமல் அது இயங்காது. அதன் மரபணுவுக்குள் என்றோ ஒரு வைரசின் துண்டு நுழைந்து தங்கிவிட்டது. அதனால் நொதி முழுமையாக உருவாவதில்லை. இது இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படும். செவலைப் பெட்டையும் செவலைச் சேவலும் கூடி ஒரு வெள்ளைக்குஞ்சு பொரிந்தால், பக்கத்து வீட்டுச் சேவலின் மேல் பழி போடுமுன் இதை நினைவிற்கொள்வது நல்லது.

வெள்ளி நிறத்துக்குக் காரணம் செம்மெலனின் மட்டும் மறைவது. பிடரியில் பொன் இருந்த இடத்தில் வெள்ளி நிற்கும். அந்த மரபணு 2007-இல் கண்டறியப்பட்டது. சில கோழிகளில் கறுப்பு உடலை விட்டு விலகி ஒதுங்குவதற்கும் மரபுத்தொடரில் ஒரு துண்டின் இழப்பே காரணம் என்பது 2011-இல் தெரிந்தது. இவ்வாறு பட்டியல் நீளும். நான் நின்று பேச விரும்புவது சாம்பல் நிறத்தைப் பற்றி; வாங்குவோர் மிகுதியாக ஏமாறுவது அங்கேதான்.

அழகுக்கோழிச் சந்தையில் நீலம் என்றும் லாவெண்டர் என்றும் இரண்டு சாம்பல்கள் விற்கப்படுகின்றன. கண்ணுக்கு இரண்டும் மழைமேகத்தின் நிறம். மரபிலோ இரண்டும் வெவ்வேறு குடும்பம். நீலம் என்பது ஓங்கலும் ஒடுங்கலும் ஆகாத இடைநிலை. அந்த மரபணுவின் ஒரு படி இருந்தால் கறுப்பு சாம்பலாகும்; இரண்டு படி இருந்தால் அழுக்குவெள்ளையில் சாம்பல் தெறித்தாற்போல் ஆகும். நீலச் சேவலையும் நீலப் பெட்டையையும் கூட்டி 20 குஞ்சு பொரித்தால், கணக்குப்படி 5 கறுப்பு, 10 நீலம், 5 தெறிப்பு. நீலத்திலிருந்து நீலம் மட்டுமே எந்நாளும் வாராது. இங்கிலாந்தின் மரபியலாளர் பேற்றுசன் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெண்டலின் விதிகள் விலங்குக்கும் பொருந்தும் என்று காட்டியது கோழிகளைக் கொண்டே. அந்தலூசிய நீலக்கோழி அக்காலம் முதல் பாடநூல்களில் நிலைத்துவிட்டது. முழு நீலக்கூட்டம் வேண்டுவோர் கறுப்பையும் தெறிப்பையும் கூட்ட வேண்டும். கழித்துவிடப்படும் அந்த இரண்டிலிருந்துதான் நூற்றுக்கு நூறு நீலம் பிறக்கும்.

லாவெண்டரின் உடைவு வேறிடத்தில். நிறமி மணிகள் குறைவின்றி உருவாகின்றன. அவற்றை அணுவின் கைகளுக்குள் சுமந்து செல்லும் மெலனோபிலின் என்னும் கொக்கி பழுதாகிவிட்டது. 2008-இல் வெளியான ஆய்வு, ஒரேயொரு எழுத்துப்பிழையே அப்பழுதுக்குக் காரணம் என்றது. மணிகள் சீராகச் சென்று சேராமல் ஆங்காங்கே திரண்டு நிற்பதால் இறகு வெளிறித் தோன்றுகிறது. மாந்தரிலும் இதே மரபணு பழுதானால் தலைமுடி வெள்ளிச் சாம்பலாகும் ஓர் அரிய நிலை உண்டு. லாவெண்டர் ஒடுங்கு பண்பு. ஆகவே லாவெண்டரும் லாவெண்டரும் கூடினால் குஞ்சு எல்லாமே லாவெண்டர்.

இரண்டையும் பிரித்தறிய ஆய்வகம் வேண்டா. நீலம் கருமெலனினை மட்டுமே தொடும். லாவெண்டர் இரு சாயத்தையும் வெளுக்கும். பிடரியிலோ தோளிலோ செம்மை கலந்த சாம்பற் சேவலாயின் அந்தச் செம்மையைப் பாருங்கள். அது செம்மையாகவே நின்றால் நீலம். காய்ந்த வைக்கோல் நிறமாக வெளுத்திருந்தால் லாவெண்டர். நீல இறகின் ஓரத்தில் பெரும்பாலும் கருங்கரை ஓடும். லாவெண்டர் ஒரே சீராக இருக்கும். விற்பவர் சொல்லும் பெயரைவிட இந்த இரண்டு அடையாளமும் நம்பத்தக்கவை.

லாவெண்டர் வளர்ப்போர்க்கு ஒரு தொல்லையும் உண்டு. தலைமுறை தலைமுறையாக லாவெண்டரோடு லாவெண்டரையே கூட்டிவந்தால் வாலிறகும் முதுகிறகும் கந்தலாகப் பிரியும் குறை தலைதூக்கும். அதற்கு வளர்ப்போர் செய்யும் மருத்துவம், நல்ல இறகுள்ள கறுப்புக் கோழியோடு ஒருமுறை கூட்டுவது. முதல் தலைமுறை முழுதும் கறுப்பாய்ப் பிறக்கும். பலர் அத்தோடு மனமுடைந்து விற்றுவிடுகின்றனர். அந்தக் கறுப்புகளை மீண்டும் லாவெண்டரோடு கூட்டினால் பாதிக் குஞ்சு லாவெண்டராகத் திரும்பும். பெட்டை முட்டையிட ஐந்தாறு மாதம், அடைகாக்க 21 நாள். இரண்டு தலைமுறைக்கு ஓராண்டுக்கு மேல் ஆகும். நிறம் வளர்ப்பவர்க்கு முதலில் வேண்டியது பொறுமை, பணம் பிறகு.

கோழியில் ஆண்பால் பெண்பால் அமைப்பு நம்முடையதற்கு நேர்மாறு. சேவலுக்கு இசட் நிறப்புரி இரண்டு, பெட்டைக்கு ஒன்றே. வெள்ளி, வரி ஆகிய நிறங்களின் மரபணுக்கள் அந்த இசட் நிறப்புரியில் உள்ளன. ஆகவே பொன்னிறச் சேவலையும் வெள்ளிப் பெட்டையையும் கூட்டினால், சேவற்குஞ்சு வெள்ளி, பெட்டைக்குஞ்சு பொன். பொரித்த அன்றே பால் தெரிந்துவிடும். வரிக்கோழிக் குஞ்சுகளின் தலையில் வெள்ளைப் பொட்டு இருக்கும். தூய வரியினத்தில் சேவற்குஞ்சின் பொட்டு பெரியது. 1920-களின் இறுதியில் கேம்பிரிட்சில் பன்னெட்டும் பீசும் இந்த இயல்பைக் கொண்டே, பொரித்த அன்றே பால் பிரித்தறியத்தக்க புதிய இனமொன்றை உருவாக்கினர். வரி தோன்றும் விதமும் கருதத்தக்கது: நிறமியணுக்கள் தம் வேலையை விரைந்து முடித்துத் தீர்ந்துபோகின்றன, வெள்ளைக் கோடு விழுகிறது, புதிய அணுக்கள் வந்து சேர்ந்ததும் மீண்டும் கறுப்பு.

கருங்கோழியின் நிலை சற்று வேறு. அதன் கருமை இறகோடு நிற்பதில்லை. தோல், எலும்புறை, உள்ளுறுப்பு வரை ஊறியிருக்கும். ஒரு மரபணுப் பகுதி இரட்டித்துப் புரண்டு அமர்ந்ததால், நிறமியணுக்களைப் பெருக்கி வழிநடத்தும் புரதம் மிகுதியாகச் சுரந்து, அவை போகாத இடமெல்லாம் போய்க் குடியேறிவிட்டன. மத்தியப்பிரதேசத்தின் சாபுவா மாவட்டத்துக் கடக்நாத், சாவகத்தின் செமானி, சீனத்துப் பட்டுக்கோழி மூன்றிலும் இருப்பது ஒரே புரட்டு. ஆகவே ஒரே மூதாதையிடம் ஒரே ஒருமுறை நேர்ந்தது என்று ஆய்வாளர் கொள்கின்றனர். கடக்நாத்துக்கு 2018-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பட்டுக்கோழியைப் பற்றி ஒரு சொல்: அதன் இறகில் ஒன்றையொன்று பற்றும் கொக்கிகள் இல்லை, எனவே மழைநீர் வழியாமல் ஊறிவிடும். ஐப்பசி மழையும் மூடுபனியும் உள்ள மலைத்தோட்டத்தில் அதை முற்றத்தில் திரியவிடுவது கொடுமை.

இப்போது தொடக்கத்துக் கேள்விக்கு வருவோம். 1868-இல் வெளியிட்ட நூலில் டார்வின் தாம் செய்த ஒரு கலப்பை விவரிக்கிறார். கறுப்பு எசுப்பானியச் சேவலையும் வெள்ளைப் பட்டுக்கோழிப் பெட்டையையும் கூட்டினார். குஞ்சுகள் கரியாய்ப் பிறந்தன. வளர்ந்தபின் சேவல்களுள் ஒன்று செம்பொன் பிடரியும் சிவந்த முதுகுமாய், மனைக்கோழியின் மூதாதையான செங்காட்டுச் சேவலையே ஒத்து நின்றது. கறுப்பும் வெள்ளையும் கூடிச் செம்பொன் எங்கிருந்து வந்தது? மூதாதையின் நிறம் மீள்கிறது என்று அவர் கண்டுகொண்டார். மரபணு என்னும் சொல் அப்போது பிறக்கவில்லை. இன்று நாம் சொல்லலாம்: ஒரு கோழியில் ஓர் ஆணை உடைந்திருக்கிறது, மற்றதில் வேறோர் ஆணை. ஒன்றில் உடைந்ததை மற்றது முழுமையாக வைத்திருக்கிறது. இரண்டு கிழிந்த உடைகள் சேர்ந்து ஒரு முழு உடை.

லயங்களின் முற்றத்தில் தடுப்பின்றித் திரியும் நாட்டுக்கோழிகள் ஏன் பெரும்பாலும் பழுப்பும் செவலையும் கருஞ்செம்மையுமாக இருக்கின்றன என்பதும் இதனால் விளங்கும். கலப்பு ஓயாமல் உடைவுகளைத் தைத்துக்கொண்டே இருக்கிறது. ஒடுங்கிய நிறங்கள் உள்ளே மறைந்து, எப்போதாவது ஒருமுறை எட்டிப்பார்க்கின்றன.

தமிழர் இந்த நிறங்களுக்கு வைத்த பெயர்கள் அழகானவை. சேவல் வளர்ப்போர் காகம், மயில், கீரி, வல்லூறு, ஆந்தை, செவலை என்று பிரிப்பர்; பஞ்சபட்சிச் சோதிட நூலின் ஐம்புட்களுள் நான்கு அந்த வரிசைக்குள் வந்து அமர்ந்திருக்கின்றன. கூட்டுக்குள் கீரி என்றால் நிறம், கூட்டுக்கு வெளியே கீரி என்றால் எதிரி. தமிழ்நாட்டில் சண்டைச் சேவலின் வழிவந்த கிளிமூக்கு விசிறிவால் கோழிக்குத் திண்டுக்கல் முதலிய ஊர்களில் கண்காட்சிகள் நடக்கின்றன. மூக்கின் வளைவு, வாலின் நீளம், உடலின் நிறம் எல்லாம் பார்த்து இலட்சக்கணக்கில் விலை பேசப்படுகிறது. அயல்நாட்டுப் பிரம்மாவையும் பட்டுக்கோழியையும் பெரும்பொருள் கொடுத்து வாங்குமுன் நம்மவர் கிளிமூக்கின் நிறங்களை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. வடித்தெடுத்த வேலை, நெடுநாள் வேலை.

மலைத்தோட்டத்தில் கோழி என்பது அழகுக்கு முன் சேமிப்பு. தீபாவளிக்கு விற்கலாம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மருந்துக்கு விற்கலாம். அத்தகைய கூட்டம் மிகச் சிறியது: ஒரு சேவல், நாலைந்து பெட்டை. அரிய நிறம் ஒன்று தோன்றிவிட்டால் அதைக் காக்க உடன்பிறந்தவற்றையே கூட்டும் ஆசை எழும். உடன்பிறந்தவை ஒருமுறை கூடினாலே, குஞ்சின் மரபணு இணைகளில் நான்கில் ஒரு பங்கு ஒரே மூதாதைப் படியின் இரட்டையாகிவிடும். நிறம் நிலைக்கும், அதனோடு மறைந்து கிடந்த நலிவும் நிலைக்கும். பொரிக்காத முட்டையும் வளராத குஞ்சும் அதன் முதல் அறிகுறிகள்.

2014 அக்டோபர் 29 காலை, தீபாவளி முடிந்து சரியாக ஒரு கிழமையில், மீரியபெத்தயின் மலை சரிந்து லயங்களை மூடியது. மாண்டோரை நினைக்குமிடத்தில் கோழியைப் பேசுவது பொருந்தாது என்பதை அறிவேன். ஆயினும் எஞ்சியோர் வேறிடத்தில் குடியமர்ந்து வாழ்வைத் தொடங்கும்போது முதலில் வாங்கும் உயிர்களுள் கோழியும் ஒன்று. ஓர் ஊரின் நாட்டுக்கோழிக்குள் பல தலைமுறையாக மறைந்து வந்த நிறங்கள் கடையில் வாங்கும் குஞ்சோடு வருவதில்லை. நல்ல நிறவழி ஒன்று கையில் இருந்தால் அதன் பாதியை வேறொரு தோட்டத்து உறவினர் வீட்டில் வளர்க்கக் கொடுங்கள். ஒரு மலை, ஒரு நோய், ஒரு மரநாய், எதற்கும் முழுக்கூட்டமும் இரையாகக் கூடாது.

பள்ளிக் கொப்பி ஒன்றும் வேண்டும். ஒவ்வொரு பெட்டைக்கும் காலில் வேறு வேறு நிற நூல் கட்டி, எந்த முட்டை எவளுடையது, எத்தனை பொரித்தன, என்ன நிறம் என்று எழுதிவந்தால், ஆய்வகத்தார் அறியும் பெரும்பகுதியை ஒரு வீட்டார் அறியலாம். ஒரு கறுப்புச் சேவலுக்குள் லாவெண்டர் மறைந்திருக்கிறதா என்ற ஐயம் என்று கொள்வோம். அதை லாவெண்டர்ப் பெட்டையோடு கூட்டுங்கள். ஒரு குஞ்சு சாம்பலாகப் பிறந்தாலே ஐயம் தீர்ந்தது: மறைந்திருக்கிறது. ஏழு குஞ்சும் கறுப்பாகவே பிறந்தால், மறைந்திருந்தும் தற்செயலாக அவ்வாறு நேர்வதற்கான வாய்ப்பு 128-இல் ஒன்று. நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஏழு முட்டையும் ஒரு கொப்பியுமே அதற்குச் செலவு. பதுளையில் ஊவா வெல்லச பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே விலங்கறிவியல் துறையும் இருக்கிறது. தோட்டப் பிள்ளைகளுள் அத்துறைக்குச் செல்வோர் தம் லயத்துக் கோழிகளின் நிறக்கணக்கை எடுத்தால் அது எளிய ஆய்வாக இராது.

ஒரு விலக்கும் சொல்ல வேண்டும். காட்டுக்கோழி முட்டையை எடுத்துவந்து வீட்டுக்கோழியின் அடியில் வைத்துப் பொரித்தால் புதுநிறம் கிடைக்கும் என்று நம்புவோர் உளர். காட்டுக்கோழியிடம் இருப்பது உடையாத உடை. உடைவைத் தேடுபவர்க்கு அதனிடம் எடுக்க ஒன்றுமில்லை. பண்டு ஒருமுறை தென்னிந்தியச் சாம்பற் காட்டுக்கோழியிடமிருந்து மஞ்சள்தோல் மரபணு மனைக்கோழிக்கு வந்தது மெய். 2008-இல் அது உறுதியாயிற்று. அதுவும் தோலின் நிறம், இறகின் நிறமன்று. மறுதலையாக, நம் கூட்டிலிருந்து காட்டுக்குப் போகும் கலப்பே அஞ்சத்தக்கது. ஆசியாவில் செங்காட்டுக்கோழிக் கூட்டங்கள் பலவற்றில் வீட்டுக்கோழியின் குருதி ஏறியிருப்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர். இலங்கைக் காட்டுக்கோழிக்கு வேறு நாடும் இல்லை, வேறு காடும் இல்லை.

காட்டோரத்து லயங்களில் சேவல் வளர்ப்போரிடம் ஒரு வேண்டுகோள். விடியலில் அந்தக் குறுங்கூவல் கேட்கும் நாள்களில் உங்கள் சேவலைக் கூட்டிலேயே சற்று அடைத்து வையுங்கள். வெயில் ஏறி, காட்டுக்கோழிகள் உள்ளே போன பிறகு திறந்துவிடுங்கள்.